கல்லே இல்லாத பையனுக்குக் கல் கரைக்கும் மருந்து

வளரும் பையன்கள் இருக்கும் வீட்டில் இதைப் படித்து வையுங்கள். எங்கள் ஊர்த் தனியார் கிளினிக் ஒன்றில் என் 14 வயது மகனுக்கு மாதக்கணக்கில் கிட்னிக் கல் கரைக்கும் சிரப் விற்றார்கள். அவனுக்குக் கல்லே கிடையாது.

இடது விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி. வந்தால் சுருண்டு படுப்பான், வாந்தி எடுப்பான். சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். முதலில் கேஸ் என்றார்கள், அப்புறம் கல். "தினம் மூணு லிட்டர் தண்ணி குடி தம்பி, வந்துரும்." குடிக்கக் குடிக்க வலி கூடியது. சொன்னால், "கல்லு நகருதுல்ல, அப்படித்தான் இருக்கும்." பையன் பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டிலை நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவந்து அம்மாவிடம் திட்டு வாங்கினான். டாக்டரைவிட அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கொடுமை என்னவென்றால், அவர்கள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே கல் இல்லை, இடது கிட்னியில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ், அதாவது நீர் தேங்கி வீக்கம் என்று இருந்தது. கேட்டதற்கு, "கிரியேட்டினின் நார்மல், பயப்படாதீங்க." கிரியேட்டினின் என்பது கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. ஒரு கிட்னி நன்றாக இருந்தாலே அது நார்மலாக வந்துவிடுமாம். இதை எங்களுக்குச் சொன்னது அரசு மருத்துவக் கல்லூரி யூராலஜி, அதாவது சிறுநீர்ப்பாதை டாக்டர்.

அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "தண்ணி நிறைய குடிச்சா வலிக்குதா?" அவர் சொன்ன நோய், பி.யு.ஜே. அடைப்பு. கிட்னியிலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடம் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். சிலருக்குக் குறுக்கே ஓடும் ரத்தக்குழாய் அழுத்தும். நிறையக் குடித்தால் நீர் தேங்கி வலிக்கும், வடிந்ததும் போய்விடும். வலியில்லாத நாளில் ஸ்கேன் எடுத்தால் சிலருக்கு வீக்கமே தெரியாது. கிட்னி எப்படி வேலை செய்கிறது, நீர் எப்படி வடிகிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேனில், சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸ் ஊசி போட்டும் இடது பக்கம் வடியவில்லை. மொத்த வேலையில் ஏறக்குறைய பாதியைச் செய்யவேண்டிய கிட்னி 34 சதவீதத்தில் நின்றது. குறுகலைச் சரிசெய்யும் பைலோபிளாஸ்டி ஆபரேஷன் செய்து, நீர் வடிய ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து, சில வாரம் கழித்து அதை எடுத்தார்கள். இப்போது வலியில்லை. இழந்த சதவீதம் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

கல் என்று யாராவது சொன்னால், எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில் என்று ரிப்போர்ட்டில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் யூராலஜிஸ்டிடம் போங்கள்.

கிளினிக்கில் சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேட்டிருக்கிறேன். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். "சிஸ்டம் ரிப்பேர் சார்" என்கிறார்கள். மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.