பி.ஆர்.எஸ்.ஸா, வாடகை வீடா: மாதம் 250 வெள்ளி போன வழி

தம்பியும் நானும் ஒரே வருடத்தில்தான் மாதம் 250 வெள்ளி ஒதுக்கத் தொடங்கினோம். அவன் மலேசியாவின் பி.ஆர்.எஸ். என்கிற தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் போட்டான். நான் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு தாமான் (குடியிருப்பு) வீடு கடனில் வாங்கி வாடகைக்கு விட்டேன். வாடகை போக தவணைக்குக் குறைவதை அந்த 250 அடைக்கிறது. தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காகத் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுக்கு மாதம் பத்து வெள்ளி கட்டிய தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. மண் மேல் எனக்குப் பிடிப்பு அதிகம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பி.ஆர்.எஸ். சுலபம். வருடத்துக்கு 3,000 வெள்ளி வரை வரிக்கழிவு. 55 வயதுக்குப் பிறகு எடுத்தால் வரி இல்லை. தம்பி வருமான வரியில் 6 விழுக்காட்டுப் படியில் இருப்பதால் அவனுக்கு மிச்சம் 180. போன வருடம் கார் இன்ஜின் போனதும் 55க்கு முன்பே எடுக்கக்கூடிய 'பி' கணக்கிலிருந்து 1,000 எடுத்தான். 8 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டார்கள். மருத்துவம், வீடு என்றால் பிடிப்பு இல்லை; காருக்கு உண்டு. போடும்போது 6, எடுக்கும்போது 8 என்றால் அவசரத்துக்கு உதவாத பணம் அது.

வாடகையை வருடா வருடம் வருமான வரிக் கணக்கில் அறிவிக்க வேண்டும். "ஐயோ வரி!" என்று பலர் மறைக்கிறார்கள். பிடிபட்டால் மறைத்த வரிக்குச் சமமாக அபராதமும் போடலாம். என் கணக்கைப் பாருங்கள். வாடகை 8,400. கடன் வட்டி 4,600, மதிப்பீட்டு வரி, நில வரி, தீ காப்புறுதி மூன்றும் சேர்த்து 500, கூரைப் பழுது 1,100. இவை கழிந்து மிஞ்சுவது 2,200தான். என் 11 விழுக்காட்டில் வரி 242 வெள்ளி. தவணையில் அசலைக் கழிக்க முடியாது, வட்டி மட்டும். வங்கியின் வருடக் கணக்கறிக்கையில் அது தனியாக இருக்கும்.

எல்லாம் ரசீதில்தான் இருக்கிறது. கூரை ஒழுகியபோது ஓடு மாற்ற வந்தவர் பில் கேட்டதற்கு, சிகரெட் அட்டையைக் கிழித்து '1,100' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவர் பட்டறைக்கே போய், பெயர், தேதி, வீட்டு முகவரி எல்லாம் போட்டு வாங்கினேன். அந்தத் தாள் இல்லையென்றால் 121 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருப்பேன். முன்பக்கம் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை கழியாது. அது பழுதுபார்ப்பு அல்ல, மேம்பாடு. ஏழு வருடத்துத் தாள்களும் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. அவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

விற்கும் கட்டம் எனக்கு இன்னும் வரவில்லை. சட்டப்படி குடிமக்களுக்கு ஆறாவது வருடத்திலிருந்து சொத்து லாப வரி இல்லை. வீடு காலியாகக் கிடந்ததும் இரண்டே மாதம்தான், ஆகவே நீண்ட காலியைத் தாங்கிய அனுபவம் எனக்கில்லை. 19 விழுக்காட்டுப் படியில் இருக்கும் அக்காவுக்கு 53 வயது. 3,000 போட்டால் 570 மிச்சம். 55க்கு இன்னும் இரண்டே வருடம் என்பதால் அவளை பி.ஆர்.எஸ்.ஸிலேயே போடச் சொன்னேன்.