டச்சுபே பக்கம் பெயரில்லாத ஒரு கஞ்சிக் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திருகோணமலையில் விடியக்காலையில் 100 ரூபாயை உருப்படியாகச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டச்சுபே கடற்கரையில் நடக்கிறவர்கள், கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போய் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் போகிற வழியிலேயே கண்ணில் படுகிற இலைக்கஞ்சிக் கடை இது. பெயர் கிடையாது. பெயருக்குப் பதிலாக, இந்தக் கஞ்சி என்னென்ன வருத்தங்களைத் தீர்க்கும் என்று நீளமாக எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. அதோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தகரக் கூரை, இரண்டு வாங்கு, ஒரு மேசை, காஸ் அடுப்பு, பெரிய அலுமினியச் சட்டி. அவ்வளவுதான் கடை. புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இலைதான். வல்லாரை என்றால் வல்லாரை மட்டும், முசுமுசுக்கை என்றால் அது மட்டும். "வல்லாரை இல்லையா அக்கா?" என்று கேட்டால், "அது நாளைக்கு தம்பி, இண்டைக்கு முடக்கொத்தான், குடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டிவிடுவார். தெரிவு என்கிற தலையிடியே இல்லை. விடிய எழும்பின மூளைக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது, சாப்பாட்டுக் கடையில் நாலு பக்க மெனுவைப் பிடித்துக்கொண்டு முழித்தவர்களுக்குத் தெரியும்.

சமையலைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அது பார்க்க வேண்டிய விஷயம். சிவப்புப் பச்சையரிசியை உள்ளியோடு போட்டு, சோறு உருக்குலைந்து தண்ணீரோடு ஒன்றாகும் வரை அவியவிடுகிறார்கள். முதற்பாலுக்குப் பிறகு பிழிந்த தண்ணியான தேங்காய்ப்பாலை, அதாவது கப்பிப் பாலை, அந்த நேரமே ஊற்றிவிடுவார்கள். இலையைக் கழுவிக் கிரைண்டரில் அடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து எடுத்த சாறு ஒரு வாளியில் மூடிக் கிடக்கும். அதைக் கடைசியில்தான் ஊற்றுவார்கள், முதற்பாலும் அதற்குப் பின்னால். அண்ணன் அகப்பையால் ஒரே பக்கமாகத் துழாவிக்கொண்டே நிற்பார், ஓரத்தில் முதல் கொப்புளம் வந்ததும் அடுப்பை நிறுத்திவிடுவார். இந்த இடத்தில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. இலைச்சாற்றை நெடுநேரம் கொதிக்கவிட்டால் பச்சை நிறம் செத்து, பழைய காக்கிச் சட்டை போல ஒரு நிறம் வந்துவிடும், வாசமும் போய்விடும். இங்கே எட்டு மணிக்குக் கிட்டப் போனாலும் கஞ்சி பச்சையாகவே இருக்கிறது, ஏனென்றால் சட்டி முடிந்தால்தான் அடுத்த சட்டிக்குச் சாறு ஊற்றுகிறார்கள்.

சுவை? வல்லாரை நாளில் லேசான கசப்பு, பின்னால் தேங்காய்ப்பால் வந்து அதைச் சமாளிக்கும். முசுமுசுக்கையில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், தடிமன் பிடித்த நேரத்தில் அதுதான் சுகம். முடக்கொத்தான் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை, ஆனால் மூட்டு நோவுக்கு நல்லது என்று ஊரில் சொல்வதால் அன்றைக்குத்தான் வயதானவர்களின் கூட்டம். சிங்கள ஆட்கள் வந்து கொலகெந்த என்று கேட்பார்கள், அக்கா சிங்களத்திலேயே பதில் சொல்வார். ஓட்டோக்காரர், நேவிப் பெடியன்கள், ஓய்வு பெற்ற வாத்திமார், மீன் ஏலம் முடித்து வருகிறவர்கள், பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் முஸ்லிம் அம்மா ஒருவர் என்று எல்லோரும் அந்த இரண்டு வாங்கில்தான் நெருக்கியடித்து இருக்க வேண்டும். இந்த ஊரில் மூன்று இனத்தவரும் தோள் முட்ட இருந்து ஒரே சட்டியில் குடிக்கிற இடங்கள் அப்படி நிறைய இல்லை, இது அதில் ஒன்று.

இப்போது நான் இந்தக் கடையைப் பற்றி எழுத வந்த காரணத்துக்கு வருகிறேன். கஞ்சி நல்ல கஞ்சி என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காலை எழும்புவது, நடப்பது, போனைத் தள்ளி வைப்பது, நாலு மனிசரோடு முகம் பார்த்துப் பேசுவது என்று எல்லோரும் எல்லோருக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிற காரியங்கள் இருக்கின்றனவே, அவை எல்லாவற்றையும் இந்தக் கடை ஒரு வார்த்தை பேசாமல் செய்ய வைத்துவிடுகிறது.

போன் விஷயத்தையே எடுங்கள். கஞ்சியைக் கண்ணாடிக் கிளாஸில் ஆவி பறக்கத் தருகிறார்கள். மற்றக் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. போனை எடுக்க மூன்றாவது கை இல்லை. கிளாஸை வைக்க வாங்குக்கு முன்னால் மேசையும் இல்லை, மடியில் வைத்தால் சுடும். ஆக அந்தப் பத்து நிமிடத்துக்கு நீங்கள் கடலைப் பார்க்க வேண்டும் அல்லது பக்கத்தில் இருக்கிறவரோடு கதைக்க வேண்டும், வேறு வழியில்லை. போன் பாவனையைக் குறைக்கவென்று போனிலேயே ஆப் போட்டு வைத்திருக்கிறவர்கள் இதை ஒருமுறை முயற்சி செய்யலாம்.

நடையும் அப்படித்தான். கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏறி இறங்க, அரை மணித்தியாலம் மட்டில் பிடிக்கும், கோட்டைக்குள் திரிகிற மான்களை வேடிக்கை பார்த்தால் இன்னும் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள் இந்த வழியால் வந்தால், கொஞ்சம் வீச்சாகவும் நடந்தால், கணக்கு முடிந்தது. கையில் அடி எண்ணும் பட்டி கட்டிக்கொண்டு 10,000 அடி வரவில்லை என்று வீட்டு முற்றத்தில் இரவு சுற்றுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த 10,000 மருத்துவர்கள் அளந்து சொன்ன எண்ணே இல்லை, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து வந்தது. சராசரியாக 72 வயதான பெண்கள் 16,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஒரு அமெரிக்க ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் நாளுக்கு 4,400 அடி அளவு நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு, 7,500ஐத் தாண்டியபின் பெரிய மேலதிக நன்மை தெரியவில்லை. உவர்மலையில் இருந்து நடந்து வந்து கஞ்சி குடித்துவிட்டு நடந்தே திரும்புகிறவர் பட்டி கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒரு பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்களே, அதுவும் இப்படிப் பரவின கதைதான். முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் புதிய முகத்துக்குப் பழக மூன்று கிழமையாவது எடுக்கிறது என்று ஒரு அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதியதில் இருந்து கிளம்பியது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில் கிடைத்தது சராசரி 66 நாள், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளில் இருந்து 254 நாள் வரை. ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது போன்றவை கெதியில் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக காலம் எடுத்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றும் கண்டார்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தங்கள் புதிய செயலை, ஒவ்வொரு நாளும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல, முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். இங்கே அந்த முடிச்சைக் கடைக்காரரே போட்டுத் தருகிறார். எட்டு மணிக்குச் சட்டி கவிழ்ந்துவிடும், அதற்குப் பிறகு காசைக் கொட்டினாலும் கிடைக்காது. ஆகவே எழும்ப வேண்டும், எழும்பவென்றால் இரவு நேரத்துக்குப் படுக்க வேண்டும். நித்திரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவை வரவில்லை. ஒரு வருடச் சந்தா கட்டிப் பூட்டி வைத்த ஜிம் அட்டைகள் இந்த ஊரில் எத்தனை பேருடைய மேசை லாச்சியில் கிடக்கின்றன என்று நினைத்தால், 100 ரூபாய் மலிவு.

இன்னொரு சின்ன மாற்றம். கடையில் தேத்தண்ணி இல்லை. முன்பெல்லாம் விடிந்ததும் மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணி, பத்து மணிக்கு ரோல்ஸோடு இன்னொன்று என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது வயிறு நிறைந்திருப்பதால் முதல் தேத்தண்ணி தானாகவே பிந்திப்போகிறது. கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுவது நல்லதும்கூட.

சரி, இனிக் குறைகள்.

அந்தப் பலகை. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், மூட்டு வாதம், ஞாபக மறதி, ஆஸ்துமா என்று மருந்துக் கடைக்குப் போட்டியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்பரிசி ஆனாலும் அது அரிசிதான், பனங்கட்டி ஆனாலும் அது இனிப்புத்தான். ஒரு வயதான ஐயா பலகையை விரலால் தொட்டு வாசித்துவிட்டு, "சீனிக்கு நல்லதாம்" என்று சந்தோஷமாக இரண்டாவது கிளாஸும் இரண்டு துண்டு பனங்கட்டியும் வாங்கினதைப் பார்த்தபோது எனக்குப் பக்கென்றது. சீனி வருத்தக்காரர் அரைக் கிளாஸோடு நிறுத்தி, பனங்கட்டியைக் கையாலும் தொடாமல் இருப்பது நல்லது, கிளினிக்கில் தந்த மெட்போமின் குளிசையைக் கஞ்சியை நம்பி நிறுத்தவே கூடாது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "முந்தி இருந்தவர் எழுதினது தம்பி, நல்லாத்தானே இருக்கு" என்றார். எழுத்து நல்லாத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த இடத்தில் இன்றைய இலையின் பெயரை எழுதிப் போட்டால் எவ்வளவு உதவி.

உப்பு சில நாளில் கூடிவிடும். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குக் குறைவாக எடுக்கச் சொல்கிறார்கள், காலையிலேயே அதில் ஒரு பங்கைக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. உப்பில்லாமல் ஒரு சின்னச் சட்டி தனியாக வைத்தால் பிரஷர்காரர் வாழ்த்துவார்கள். சாற்றை மிகவும் நைசாக வடிப்பதால் கீரையின் நார் முழுக்கத் துணியிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் அம்மா அரைகுறையாகப் பிழிந்து சக்கையோடு காய்ச்சுவது தொண்டையில் கரகரத்தாலும், வயிற்றுக்கு அதுதான் நல்லது.

மிகப் பெரிய குறை பார்சல். 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்குத் தடை வந்தது, கடையில் கண்ணாடிக் கிளாஸ்தான், அதில் பிழை சொல்ல இல்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் கொதிக்கக் கொதிக்கச் சொப்பிங் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். சூட்டில் அந்தப் பை தொய்ந்து நீளுவதைப் பார்த்தாலே குடிக்க மனம் வராது. குடித்து முடித்து எறிந்த பை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, மான்கள் குப்பையைக் கிளறிப் பொலித்தீனையும் சேர்த்து மெல்லுவதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? தூக்குச்சட்டி கொண்டுபோனால் அக்கா மறுப்பதே இல்லை, கூடவே அரை அகப்பை கூட்டித்தான் ஊற்றுவார்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஐந்தரைக்குத் திறக்கிறார்கள், ஆறரைக்குள் போவது உத்தமம், ஏழரைக்குப் பிறகு வெயில் வாங்குக்கே வந்துவிடும். சனி ஞாயிறுகளில் கோயிலுக்கு வரும் பஸ் கூட்டத்தில் கிளாஸ் கழுவி மாளாது, கழுவுகிற தண்ணீரும் அன்றைக்கு அவ்வளவு அடிக்கடி மாறுவதில்லை, நான் அந்த இரண்டு நாளும் போவதில்லை. மாரி மழைக்கும் படங்கு கட்டித் திறப்பார்கள், உண்மையில் கஞ்சி மிக ருசியாக இருப்பது அப்போதுதான். ஆடிப்பிறப்பன்று வறுத்த பயறும் பனங்கட்டியும் போட்டு ஆடிக்கூழ் காய்ச்சுகிறார்கள், அதற்குப் போட்டி அதிகம், வெள்ளனப் போனால்தான் கிடைக்கும். முதல்முறை வருகிறவர் வல்லாரை நாளில் தொடங்குங்கள், முடக்கொத்தானில் தொடங்கினால் திரும்பி வரமாட்டீர்கள். சில்லறை கொண்டுபோங்கள். காலங்காத்தால 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால், மூன்று மொழியிலும் ஏச்சு விழும்.