ஜவ்வு விலகிய முதுகும் 10 கிலோ அரிசி மூட்டையும்: இரண்டேகால் ஆண்டு அனுபவம்

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தொடங்கி இரண்டேகால் ஆண்டுகள் ஆகின்றன. வலி முழுவதும் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகவில்லை. பத்துக்கு ஏழாக இருந்தது, இப்போது பெரும்பாலான நாட்களில் இரண்டில் நிற்கிறது. சில நாட்களில் அதன் நினைப்பே வருவதில்லை.

சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ சாலைப் பக்கம் எங்களுக்குப் பூக்கடை. விடியற்காலையில் பெட்டிகளை இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து சரம் தொடுக்க ஆரம்பித்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டேன். 48 வயதில் ஒரு நாள் பல் தேய்க்கக் குனிந்தபோது பிடித்துக்கொண்டது. மூன்று மாதங்களைத் தாண்டினால் நாள்பட்ட வலி என்பது மருத்துவக் கணக்கு; எனக்கு எட்டாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் கோடாலித் தைலம், அத்தை கிண்டிக் கொடுத்த உளுந்தங்களி, இடுப்புப் பட்டை எல்லாம் ஆயிற்று. களி மட்டும் நன்றாக இருந்தது.

ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, “ஜவ்வு விலகியிருக்கிறது, இனிமேல் கனமான எதையும் தூக்காதீர்கள்” என்றார்கள். முதுகை இழுத்து நீட்டும் இழுவைச் சிகிச்சை பத்து முறைக்கு 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கட்டினேன். இழுக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே பழைய வலி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். போன பணத்தைவிட அவர்கள் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை அதிகம் கெடுத்தது. அரை வாளித் தண்ணீரைத் தூக்கவும் பயந்தேன். பயத்தில் அசையாமல் இருந்தேன், அசையாமல் இருந்ததில் இன்னும் பலவீனமானேன்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர் கேட்டவை வேறு கேள்விகள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, விழுந்து அடிபட்டதா? எனக்கு எதுவும் இல்லை. (உங்களுக்கு ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.) அவர்தான் மருத்துவமனை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பினார்.

என் மகன் வயதுள்ள சீன இளைஞர். ஸ்கேன் படத்தைப் பார்த்து அவர் பதறவே இல்லை. வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இதே ஜவ்வுப் புடைப்பு இருந்ததாம். “முடி நரைப்பதைப் போலத்தான் ஆன்டி. நரைத்ததற்காகத் தலை வலிக்கிறதா?” என்று கேட்டார். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் 2 கிலோ எடையைக் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னார். முதுகை வளைக்காமல் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது குளிர்பெட்டிக் கதவைப் பின்பக்கத்தால் சாத்துவோமே, அந்த அசைவுதான் என்று வீட்டுச் சமையலறையில் தற்செயலாகப் புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் ‘கதவு சாத்துதல்’ என்று பெயர்.

மற்றவை எளியவை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பாலம். ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது. நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து விநாடி அசையாமல் இருப்பது. இதற்கு முதுகில் ஒரு பூத்தட்டை வைத்துக்கொள்வேன். முதல் வாரம் மூன்றாவது விநாடியிலேயே தட்டு விழுந்து, கீழ்வீட்டுக்காரர் என்னவோ என்று மேலே வந்துவிட்டார். அதோடு வாரத்தில் ஐந்து நாள், காலாங் ஆற்றோரம் அரை மணி நேர நடை. நடையைச் சாதாரணமாக நினைத்திருந்தேன். வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. வழிகாட்டலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள் என்பது அதன் இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்புவதற்குள் ஆன நாட்கள்.

நான்காம் மாதம் தீபாவளி வந்தது. மாலைக்கு மேல் மாலை. மூன்று வாரம் பயிற்சியைத் தொடவில்லை. வலி ஆறுக்கு ஏறியது. எல்லாம் வீண் என்று அழுதுகொண்டு இயன்மருத்துவரிடம் போனேன். அவர் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, அளவைப் பாதியாக்கினார். பயிற்சிக்குப் பிறகு வலி கூடினாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு தாங்கும், வராவிட்டால் குறைக்க வேண்டும். இன்றுவரை நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு இது ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. சலிப்பு தாங்க முடியாது; பத்து வரை எண்ணுவதை யாரும் ரசித்துச் செய்ய முடியாது. ஆறு மாதத்தில் ஐந்து சந்திப்புகள்தான், மீதியெல்லாம் நம் பொறுப்பு. பலனும் அதிசயமான அளவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டின் அறிக்கையின்படி, பயிற்சி செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு வலி நூற்றுக்குப் பதினைந்து புள்ளி அளவில்தான் குறைவு. எனக்கு அதைவிட அதிகம் குறைந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆனால் நான் பணம் கொட்டிய இழுவையையும் இடுப்புப் பட்டையையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவே இல்லை. பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இதைப் படித்தபோது அந்த 1,200 வெள்ளி மறுபடி வலித்தது.

போன வாரம் தேக்கா சந்தையிலிருந்து 10 கிலோ பொன்னி அரிசியை நானே கடைவரை சுமந்து வந்தேன். “அக்கா, விடுங்கள், விடுங்கள்!” என்று கடைத் தம்பி ஓடி வந்தான். விடவில்லை. இறக்கி வைத்துவிட்டு அவனுக்கும் கதவு சாத்துதலைக் காட்டிக் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே பின்னுக்குத் தள்ளியவன், பின்னால் இருந்த ரோஜா வாளியைக் கவிழ்த்துவிட்டான்.