உசிக்கா, ஹோலிஃபீல்டா?

2025 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாம் சுற்றில் சாய்த்தபோது உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஒலெக்சாண்டர் உசிக்குக்கு வயது 38. அதுவரை 24 சண்டைகள், 24 வெற்றிகள். மிக உயர்ந்த எடைப்பிரிவான ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களும் அன்று இரண்டாம் முறையாக அவர் வசமாயின. ஹெவிவெயிட் வரலாற்றின் தலைசிறந்தவர்கள் வரிசையில் அவருடைய இடம் எது என்ற பேச்சு எழுந்தாலே முகமது அலியை இழுத்து வந்துவிடுகிறார்கள். அது வீண் வாதம். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரையும் வென்றவர் அலி. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து 25 முறை பட்டத்தைக் காத்தார். வெம்பிளி வரைக்கும் உசிக் ஹெவிவெயிட்டில் மோதியதே 8 முறைதான். அந்த இருவரையும் உச்சியிலேயே விட்டுவிடுவோம்.

அவரை நிறுத்திப் பார்க்க வேண்டியது இவாண்டர் ஹோலிஃபீல்டின் பக்கத்தில். இருவரும் வந்த பாதை ஒன்றே. ஹோலிஃபீல்டு 1988-இல், ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான எடைப்பிரிவாகிய க்ரூசர்வெயிட்டின் பட்டங்களை ஒன்றுசேர்த்தார். 1990-இல் பஸ்டர் டக்ளஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட்டின் தனி சாம்பியனானார். உசிக் 2018-இல் முதலாவதையும் 2024-இல் இரண்டாவதையும் செய்தார். இருவருமே தம்மைவிடப் பெரிய உடல்களோடு மோதியவர்கள்.

எதிராளிகளின் பெயர்களை மட்டும் பார்த்தால் ஹோலிஃபீல்டின் பட்டியலே கனமானது. ஃபோர்மன், ஹோம்ஸ், பௌ, டைசன். ஆனால் ஃபோர்மனும் ஹோம்ஸும் அவரைச் சந்தித்தபோது இருவருக்கும் 42 வயது. இளையவரான ரிடிக் பௌவிடம் மூன்றில் இரண்டு சண்டைகளை இழந்தார். 1996-இல் டைசனை அடக்கியது மகத்தான வெற்றி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இடையில் 1994-இல் மூரரிடம் தோற்றதும் கணக்கில் வருகிறதே.

உசிக் வென்ற ஜோஷுவா, ஃப்யூரி, டுபுவா மூவரும் அவரைவிட இளையவர்கள், உயரமானவர்கள். போதாததற்கு, பெரும்பாலும் எதிராளியின் ஊருக்கே போய் வென்றவர் அவர். பிரீடிஸை ரீகாவில், காசியெவை மாஸ்கோவில், பெல்லியூவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில். நடுவர்களின் சந்தேகப் புள்ளிகள் உள்ளூர்க்காரருக்குச் சாயும் விளையாட்டு இது. இதை ஏன் யாரும் போதிய அளவு எடைபோடுவதில்லை என்று தெரியவில்லை.

2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியோடு நடந்த ஒன்பதாம் சுற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நடுச்சுற்றுகளில் புள்ளிகளை இழந்துகொண்டிருந்த உசிக், இடக்கையால் ஒரு குத்தை இறக்கி, 206 செ.மீ. உயர மனிதரைக் கயிற்றுக்குக் கயிறு தள்ளாடவிட்டார். நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. டிசம்பரில் நடந்த மறுசண்டைக்கு ஃப்யூரி உசிக்கைவிட ஏறத்தாழ 25 கிலோ கூடுதல் எடையோடு வந்தார்; மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே தந்தார்கள். கால்கள் ஓயாமல் நகர, எதிராளியின் முன்காலுக்கு வெளிப்புறம் சுற்றிச் சுற்றி, சுற்றுகள் ஏற ஏற வேகத்தைக் கூட்டுகிறார். எதிராளியின் எடையை அவருக்கே பாரமாக்குவது அந்த வேகம்தான்.

குறையும் உண்டு. 2023-இல் போலந்தில் உசிக்கைத் தரையில் சாய்த்த டுபுவாவின் குத்து இடுப்புக்குக் கீழே விழுந்தது, செல்லாது என்று நடுவர் சொன்ன தீர்ப்பு பலருக்கு உறுத்தியது. வெம்பிளி அதைத் தீர்த்துவிட்டது. சண்டைகளின் எண்ணிக்கைக் குறைவு மட்டும் தீராது. அதனால்தான் ஹோம்ஸ், ஃபோர்மன், ஜோ லூயிஸின் பெயரைப் பாதி சுமக்கும் லெனாக்ஸ் லூயிஸ் ஆகிய மூவருக்கும் கீழேதான் உசிக்கை வைக்கிறேன்.

ஆக, அலியையும் ஜோ லூயிஸையும் சேர்த்து எண்ணினால் ஆறாவது இடம் உசிக்குக்கு, ஏழாவது ஹோலிஃபீல்டுக்கு. 1992-இல் பௌவோடு அவர் நின்று அடித்த அந்தப் பத்தாம் சுற்றை நேசிக்கிற எனக்கு இதை எழுதக் கை தயங்குகிறது.