மிரர் வாங்குவது சுலபம், ஒயரிங்குக்குத்தான் ஆள் பார்க்கணும்

திருநெல்வேலியில் பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்குமா என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். கிடைக்கும். வண்ணார்பேட்டையில் காலையில் கேட்டால், இல்லாததை மதுரையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் போட்டு வரவழைத்துத் தருகிறார்கள். யோசிக்க வேண்டியது, அதை மாட்டப் போகிறவர் யார் என்பதைத்தான். மஸ்கட்டிலிருந்து இந்தத் தடவை பங்குனி உத்திரத்தை ஒட்டி ஊருக்குப் போனபோது, அப்பாவின் ஸ்கார்ப்பியோவுக்கு இண்டிகேட்டர் வைத்த சைடு மிரர் மாட்டினோம். இதே வேலையை நினைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2008-ல் பதிந்தது, டிஎன் 72. 15 வருடம் முடிந்து 2023-ல் ஆர்சியைப் புதுப்பித்தாயிற்று. 5 வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆகியிருந்தது. விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று தங்கை சொன்னாள். அப்பாவுக்கு முழங்கால் வலி. குனிந்து ஏறாமல், சீட்டில் அப்படியே உட்கார முடிகிற உயரம் இந்த வண்டியில்தான் இருக்கிறது. இன்ஜினும் நன்றாக இருக்கிறது. அதனால் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்து வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

இண்டிகேட்டர் மிரரை அழகுக்கு மாட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். சமாதானபுரம் சிக்னலிலோ முருகன்குறிச்சியிலோ இடது பக்கம் திரும்பும்போது, பின் கதவுக்கு நேரே ஒரு பைக் ஒட்டிக்கொண்டே வரும். அந்த இடத்தில் இருப்பவருக்கு வண்டியின் பின் விளக்கும் தெரியாது, முன் விளக்கும் தெரியாது. மட்கார்டில் இருக்கும் சின்ன விளக்கு அவர் முழங்கால் உயரத்தில் எங்கோ மினுக்கும். மிரரோ அவர் கண்ணுக்கு நேராக இருக்கிறது. சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும்போது எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல் என்று வருகிற ரோட்டில், பக்கவாட்டில் தெரிகிற ஒரு விளக்கு உண்மையிலேயே உயிர் காக்கும்.

மிரரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது நிறம். கடையில் நீலம், வெள்ளை என்று பல விதமாக எரிகிற மிரர்களை எடுத்துக் காட்டினார்கள். இண்டிகேட்டர் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில், நிமிடத்துக்கு 60-லிருந்து 120 தடவைக்குள் மினுக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. எஃப்சிக்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு நிறத்தில் மினுக்கினால் பின்னால் வருகிறவருக்கு அது என்ன சைகை என்றே புரியாது. ஆரஞ்சு மட்டும் எரிகிற ஒரு ஜோடியை வாங்கினோம்.

பணம் அனுப்பியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-லிருந்து ஓமன் உட்படப் பல நாட்டு மொபைல் நம்பர்களில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். எங்கள் வங்கியில் அதைச் செய்து வைத்திருந்தேன். அதனால் மஸ்கட்டிலிருந்தே வாட்ஸப்பில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, சாமானை எடுத்து வைக்கச் சொல்ல முடிந்தது. பழைய மிரரின் பின்பக்கம் ஒயர்கள் சேருகிற கப்ளரைத் தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்டார். விவரம் தெரிந்த கடை என்று அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

பழைய மிரரில் 3 ஒயர். கண்ணாடியை மேலும் கீழும், இடமும் வலமும் அசைக்கிற 2 மோட்டாருக்கு அது போதும், ஒரு ஒயர் இரண்டுக்கும் பொது. புதிய மிரரில் 7 ஒயர். மோட்டாருக்கு 3, இண்டிகேட்டருக்கு 2, மிரரை உள்ளே மடக்குகிற மோட்டாருக்கு 2. ஆகவே பழைய கப்ளர் அப்படியே சேராது. எந்த ஒயர் எதற்கு என்று அட்டைப்பெட்டியில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. இங்கேதான் ஆள் தேவைப்படுகிறது.

முதலில் போனது ஒரு பெரிய ஆக்சஸரீஸ் கடை. பெயர் வேண்டாம். ஏசி ரூமில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டேன். மட்கார்டு விளக்குக்குப் போகிற ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவோம் என்று பதில் வந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயர் எப்படிப் போகும் என்றேன். கதவு இடுக்கு வழியாக விட்டால் போதும், யாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அங்கே இருந்த பையன். கூடவே நான்கு மூலை இண்டிகேட்டர் பல்பையும் எல்இடியாக மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் நசுங்குகிற ஒயர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? உள்ளே செம்பு வெளிப்பட்டுப் பாடியில் தொட்டால் ஃப்யூஸ் போகும், அதோடு அந்த வண்டியில் இண்டிகேட்டரே இல்லாமல் போகும். பாதுகாப்புக்கு என்று செய்கிற வேலை அதற்கே குழி பறித்துவிடும்.

சித்தப்பா மகன் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். அவன்தான் மேலப்பாளையம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கூட்டிப்போனான். வேப்பமரத்தடியில் ஒரு ஷெட், ஒரு மேஜை, சுவரில் பழைய டைனமோக்கள், அவ்வளவுதான் கடை. அண்ணாச்சிக்கு 60 வயது இருக்கும். மிரரைக் கையில் வாங்கிய உடனே வேலையை ஒத்துக்கொண்டுவிடவில்லை. பைக் பேட்டரி ஒன்றை எடுத்து வைத்து, இரண்டு இரண்டு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி மேலே போனது. பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றித் தொட்டதும் கீழே வந்தது. வேறு ஜோடியில் பக்கவாட்டில் அசைந்தது. இன்னொரு ஜோடியில் விளக்கு எரிந்தது, மாற்றித் தொட்டால் எரியவில்லை. எல்இடி ஒரு திசையில்தான் எரியும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த உடனே நிறத்தோடு தாளில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "சரி தம்பி, நாளைக்குக் காலைல வண்டிய விடுங்க" என்றார்.

மறுநாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினார். டோர் பேடைக் கழற்ற ஆரம்பித்தபோது அவர் காட்டிய பொறுமையைச் சொல்லியாக வேண்டும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, உடைந்த ஒரு கிளிப்புக்குத் தன்னிடமிருந்த வேறொன்றைப் போட்டார். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பாலிதீன் ஷீட்டைக் கிழிக்காமல் ஒரு ஓரமாக உரித்தார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீரை அந்த ஷீட்தான் உள்ளே வராமல் கீழே வடிய விடுகிறது. அதைக் கிழித்துப் போட்ட வண்டிகளில்தான் கால் மிதியடி ஈரமாகி நாற்றம் வரும்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய் இத்தனை வருடத்தில் விறைத்துப் போயிருந்தது. மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே நுழைத்து, புது ஒயரை அதில் கட்டி, முகப்பவுடர் தூவி மெதுவாக இழுத்தார். இழை நிறைய உள்ள, வளைகிற ஒயராக எடுத்திருந்தார். கட்டி ஒயர் போட்டால் கதவு திறந்து மூடி உள்ளேயே ஒடிந்துவிடும் என்றார். கதவை முழுக்கத் திறந்து பார்த்துக் கொஞ்சம் தளர்வும் விட்டார். எர்த்தை, அதாவது மைனஸ் இணைப்பை, கதவுத் தகட்டில் கொடுக்கவில்லை. கீலில் கிரீஸும் பெயிண்டும் இருக்கிறதால் அங்கே எர்த் சரியாக நிற்காதாம். பில்லருக்குக் கீழே பாடி போல்ட்டைச் சுரண்டி அங்கே முறுக்கினார்.

இண்டிகேட்டர் லைனை டிரைவர் காலடிப் பக்கவாட்டில் இருக்கும் கப்ளரில் எடுத்தார், இடது மிரருக்கு அந்தப் பக்கக் காலடியில். பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டி, டெஸ்ட் லேம்ப்பை வைத்து இடது இண்டிகேட்டரைப் போடச் சொல்லி, மினுக்குகிற ஒயரைப் பிடித்தார். உடனே வலதைப் போடச் சொன்னார், அப்போது மினுக்கக் கூடாது. எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குகிற ஹசார்டைப் போட்டால் மினுக்க வேண்டும். ஹெட்லைட் போட்டபோதும் எரியக் கூடாது. இவ்வளவும் ஒத்துவந்த பிறகே, மைனஸை மறுபடி கழற்றிவிட்டு ஒயரைத் தொட்டார். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, லைட்டர் சூட்டில் சுருங்க வைத்தார்.

இவ்வளவு எதற்கு, டேப் போதாதா என்று தம்பி கேட்டான். அண்ணாச்சி சொன்ன பதில் எனக்கு மறக்காது. "வெளிச்சம் வந்துட்டுன்னு சந்தோசப்படாதிய தம்பி. ரெண்டு மழை தாண்டணும்லா. 2023 டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கப்புறம் எத்தன வண்டிக்கு கப்ளரத் தொறந்தேன்னு எனக்கே தெரியாது. உள்ளே பூராம் பச்ச பூத்துக் கெடந்துச்சு. டேப் சுத்துன எடம்தான் மொதல்ல போயிருந்துச்சு பாத்துக்கிடுங்க." அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றது. நாங்கள் மஸ்கட்டில் உட்கார்ந்து போன் கிடைக்காமல் தவித்தோம். அந்த வெள்ளத்தை ஒயரில் படித்த மனிதர் இவர்.

பல்பை எல்இடியாக மாற்றச் சொன்னதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். தேவையில்லை என்றார். முன்னாலும் பின்னாலும் இருப்பது 21 வாட் பல்புகள். இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற பிளாஷர் அந்தக் கரண்ட்டை வைத்துத்தான் எல்லா விளக்கும் எரிகிறதா என்று கண்டுகொள்கிறது. ஒரு பல்பு போனால் கரண்ட் குறைந்து வேகமாக மினுக்கும், டிரைவருக்கு அதுதான் எச்சரிக்கை. எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினால் பல்பு போகாமலேயே வேகமாக அடிக்கும். அதைச் சரிக்கட்ட ரெசிஸ்டர் வைக்க வேண்டும், இல்லை பிளாஷரையே மாற்ற வேண்டும். மிரரில் இருக்கும் எல்இடி, இருக்கிற பல்புகளோடு கூடுதலாகச் சேர்வதால் சுமை கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது, மினுக்கும் வேகமும் மாறாது.

கூலி இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1,200 ரூபாய். அந்த வேலைக்கு அது குறைவு. கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். பேரனுக்கு என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

குறையும் உண்டு. பில் கிடையாது. எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டார், நடுவில் பஸ் ஒன்று டைனமோ போய் வந்தால் அதற்குப் போய்விடுவார், நாம் காத்திருக்க வேண்டும். லீவு நாளை எண்ணிக்கொண்டு வருகிற நமக்கு அது சிரமம்தான். ஒரு முழு நாளை இந்த வேலைக்கென்றே ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஆனால் எத்தனை நேரம் ஆனாலும் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார், கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார். ஏசி ரூம் கடையில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

உத்திரத்துக்கு முந்தின ராத்திரி மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு அந்த வண்டியில்தான் போனோம். திருச்செந்தூர் ரோட்டில் வேன்களும் பைக்குகளுமாக நல்ல கூட்டம். ஓரிடத்தில் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டதும், இடது பக்கம் ஒட்டி வந்த பைக்காரர் தானாகவே வேகத்தைக் குறைத்துப் பின்னால் போனதை அப்பா கவனித்து எனக்குக் காட்டினார்.

மிரர் மடக்குகிற மோட்டாரை இன்னும் இணைக்கவில்லை. அதற்குத் தனி ஸ்விட்ச் வேண்டும், நல்லது கிடைக்கவில்லை. அண்ணாச்சி அதற்கான இரண்டு ஒயரையும் ரப்பருக்குள் சேர்த்தே இழுத்து, முனையைச் சுருட்டி மூடி, டாஷ்போர்டுக்குக் கீழே கட்டி வைத்திருக்கிறார். நிறங்கள் எழுதிய அந்தத் தாளை வண்டிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறோம். அடுத்த தடவை வேறு யார் கதவைத் திறந்தாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.