மீனம்பாக்கத்தில் 'சீட் இல்லை' என்று நிறுத்திவிட்டால்

பொங்கல் முடிந்த வாரமும், ஆகஸ்ட்டில் வெளிநாட்டுப் பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய நாட்களும்தான் சென்னையில் மோசமான சமயம். ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் திரும்புவார்கள். பருப்புப் பொடியையும் மாவடு பாட்டிலையும் எடை பார்த்துக் கட்டி, நள்ளிரவில் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினால், "ஃப்ளைட் ஓவர்புக் ஆகியிருக்கு சார், கொஞ்சம் ஓரமா வெயிட் பண்ணுங்க" என்று பதில் வரும். அந்த ஓரத்தில் நிற்கும் அரை மணி நேரத்தில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் பின்னால் கைக்கு வருவது பத்தாயிரம் ரூபாயா, அறுபதாயிரமா, ஒன்றுமே இல்லையா என்பதை முடிவு செய்கின்றன.

டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் இருக்கைகளைவிடக் கூடுதலாக விற்பது விமான நிறுவனங்களின் வழக்கம். அன்றைக்கு எல்லாரும் வந்துவிட்டாலோ, பெரிய விமானத்துக்குப் பதில் சிறியது வந்தாலோ சிலர் வெளியே நிற்க வேண்டியதுதான். முதலில் மாட்டுபவர்கள் இருக்கை எண் இல்லாதவர்கள். ஆன்லைன் செக்-இன் திறந்ததும் எண்ணைப் பிடித்துவிடுங்கள். போர்டிங் பாஸில் எண்ணுக்குப் பதிலாக 'ஜி.டி.இ' அல்லது 'எஸ்.பி.ஒய்' என்று இருந்தால் இருக்கை இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அதைப் பார்த்த பிறகும் டியூட்டி ஃப்ரீயில் சுற்றிக்கொண்டிருக்காமல் நேரே கேட்டுக்குப் போய் நில்லுங்கள்.

உறுதியான டிக்கெட்டோடு, நிறுவனம் சொன்ன நேரத்துக்குள் வந்து நின்றவருக்குத்தான் இழப்பீடு. பல சர்வதேச விமானங்களுக்கு, கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். 'பயணி தாமதம்' என்றோ 'நோ-ஷோ' என்றோ கணினியில் ஒரு வரி பதிவாகிவிட்டால் உங்கள் வழக்கு பாதி போச்சு. அதே டிக்கெட்டில் மிச்சமிருக்கும் பயணமும் ரத்தாகலாம். ஆகவே நேரத்துக்குச் சாட்சி வேண்டும். மறுத்த அந்த நிமிடமே, கவுன்ட்டரை விட்டு நகராமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: பி.என்.ஆர் (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்), விமான எண், வந்து நின்ற நேரம், ஏற்ற மறுப்பதற்கு அவர்கள் சொன்ன காரணம். நேர முத்திரை தானாக விழும். குடியேற்றப் பகுதியிலும் பாதுகாப்புச் சோதனைப் பகுதியிலும் படம் எடுக்கக் கூடாது என்பதால், புகைப்படத்தைவிட இதுவே நம்பகமான ஆதாரம்.

அடுத்து டியூட்டி மேனேஜரை வரச்சொல்லி, ஏற்ற மறுத்த காரணத்தை எழுத்தில் தரக் கேளுங்கள். 'டினைடு போர்டிங் (ஏற்ற மறுத்தல்), ஓவர்புக்கிங்' என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். 'ஆபரேஷனல் ரீசன்' என்று எழுதித் தருவதில் அவர்களுக்கு ஒரு சுகம் உண்டு. அந்தச் சொல் எதற்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. எழுதித் தர மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் நேரத்தையும் இன்னொரு மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

இமிக்ரேஷன் தாண்டிய பிறகு கேட்டில் இறக்கிவிட்டால் வேலை இன்னும் நீளும். நிறுவனத்தின் ஆள் கூட வர வேண்டும். பாஸ்போர்ட்டில் விழுந்த புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்ய வேண்டும். பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டி போகக் கூடாது என்பதால் பெட்டியையும் இறக்கித் தருவார்கள். அலைச்சல்தான், ஆனால் ரத்தான அந்த முத்திரை நல்ல ஆதாரம். அது விழுந்த பக்கத்தையும் போர்டிங் பாஸ் துண்டையும் அன்றிரவே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஒரு கையெழுத்தில்தான். விதிப்படி நிறுவனம் முதலில் விருப்பமுள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும்: யாராவது இந்த விமானத்தை விட்டுக்கொடுத்தால் இன்னின்ன சலுகை என்று. விட்டுக்கொடுத்தவருக்குப் பேசிய சலுகை மட்டுமே, சட்டம் சொல்லும் தொகை கிடையாது. நாளை விமானத்தில் இடம் தருகிறோம் என்று நீட்டும் தாளில் 'வாலன்டரி' என்ற சொல்லோ 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற வரியோ இருந்தால் அதை அடித்துவிட்டு, 'மாற்று விமானத்தை மட்டும் ஏற்கிறேன், இழப்பீட்டு உரிமை தொடர்கிறது' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.

இனி எந்தச் சட்டம் என்ற கேள்வி. இந்திய நிறுவனத்தின் விமானம் என்றால், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. முதல் விமானம் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கிளம்பினால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதில் 200 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் 400 சதவீதம், உச்சவரம்பு 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பி வரும், கூடவே அந்த 400 சதவீதமும் அதே உச்சவரம்போடு. அடிப்படை 14,000, எரிபொருள் 6,000 என்று வைத்துக்கொள்வோம். 200 சதவீதம் 40,000 ஆகிறது, கையில் வருவது 10,000. வெளிநாட்டுப் பயணத்தில் சதவீதம் வெறும் அலங்காரம், உச்சவரம்புதான் நிஜம். வவுச்சராகத் தர வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் தேவை. வேண்டாம் என்றால் பணமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானத்தில் சென்னையிலிருந்து ஐரோப்பா போகிறீர்கள் என்றால் கதையே வேறு. 261/2004 என்ற ஒழுங்குமுறைப்படி 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தலைக்கு 600 யூரோ, டிக்கெட் விலை என்னவாக இருந்தாலும். மாற்று வழியில் நான்கு மணி நேரத்துக்குள்ளான தாமதத்தோடு கொண்டு சேர்த்தால் பாதியாகக் குறைக்கலாம். சென்னையிலிருந்து அது அரிது. பிரிட்டிஷ் நிறுவனத்தில் லண்டன் போனால் அந்நாட்டு விதிப்படி 520 பவுண்டு. இங்கே பார்க்க வேண்டியது டிக்கெட்டில் அச்சான பெயரை அல்ல, விமானத்தை ஓட்டும் நிறுவனத்தை. ஜெர்மன் நிறுவனத்தின் எண்ணில் டிக்கெட் வாங்கி, ஓட்டுவது இந்திய நிறுவனம் என்றால் சென்னையில் அந்த 600 யூரோ கிடையாது. வளைகுடா நிறுவனத்தில் சென்னை–துபாய்–பாரிஸ் போனாலும் கிடையாது. அதே நிறுவனத்தில், ஒரே முன்பதிவில் பாரிஸிலிருந்து சென்னை வரும்போது உண்டு, ஏனென்றால் அந்தப் பயணம் ஐரோப்பாவில் தொடங்குகிறது. அமெரிக்க விதி அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு மட்டும். சென்னையிலிருந்து திரும்பும்போது அதை நம்பிப் பயனில்லை.

ஐரோப்பிய விதியில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலேயே பலனோ இழப்பீடோ பெற்று, உதவியும் பெற்றுவிட்டவருக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. கூப்பனில் இட்லி காபி சாப்பிட்டதை யாரும் இழப்பீடு என்று சொல்ல முடியாது. கவுன்ட்டரில் நீட்டும் வவுச்சரை வாங்கிக் கையெழுத்திட்டால்தான் வம்பு. உரிமையைச் சரியாகச் சொல்லாமல் குறைந்த தொகைக்குத் தலையாட்ட வைத்திருந்தால் மீதியைக் கேட்கலாம் என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது என்றாலும், அந்தச் சண்டையை ஏன் வாங்குவானேன்?

அந்த ஐரோப்பிய விதியின் கீழ் சாப்பாடும், இரவு தங்கலும், போக்குவரத்தும் நிறுவனத்தின் செலவு. "உங்களுக்குத்தான் வேளச்சேரியில வீடு இருக்கே மேடம், ஹோட்டல் எதுக்கு?" என்று கேட்பார்கள். வீட்டுக்கே போங்கள், ஆனால் வண்டிச் செலவு உங்களுடையது அல்ல. விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கோ வேறு தங்குமிடத்துக்கோ இடையிலான போக்குவரத்து என்றுதான் அந்த விதி சொல்கிறது. செயலியில் பிடிக்கும் டாக்ஸிக்கு மின்னஞ்சலில் ரசீது வரும், ப்ரீபெய்ட் டாக்ஸியானால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத ஆட்டோ, கோரிக்கையைப் பொறுத்தவரை ஓடாத ஆட்டோ.

புகாரை முதலில் நிறுவனத்துக்கே அனுப்புங்கள்: விதியின் பெயர், தொகை, வங்கி விவரம், ஒரு கெடு. பதில் வராவிட்டால் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, பிறகு மேல்முறையீட்டு அதிகாரி. இந்த இருவரின் விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில், தேடினால் கிடைக்கும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளம். அங்கே புகார் எண் கிடைக்கும், நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏர்சேவா நீதிமன்றம் அல்ல, தீர்ப்பாகத் தொகை வாங்கித் தராது. ஏற்ற மறுத்தவர்களுக்கு இழப்பீடு தராததற்காக 2022 ஜூனில் டி.ஜி.சி.ஏ. ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் அரசுக்குப் போகும், பயணியின் கணக்குக்கு வராது.

பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவே மனு செய்யலாம், காணொலியில் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களுக்காக அப்பாவோ தங்கையோ நடத்துவதானால் அதிகாரக் கடிதத்தைச் சென்னையில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலிருந்து பவர் (பவர் ஆஃப் அட்டர்னி, அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் அங்கே சான்றொப்பம், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை என்று தனி அலைச்சல்.

ஐரோப்பியக் கோரிக்கைக்கு அந்தந்த நாட்டுக் காலவரம்பு. ஜெர்மனியில் மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு. பங்கு வாங்கிக்கொண்டு கோரிக்கையை நடத்தித் தரும் கம்பெனிகள் மூன்றில் ஒரு பாகமோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்வார்கள். தெளிவான ஓவர்புக்கிங் வழக்குக்கு அது வீண் செலவு.

தொகை இந்திய ரூபாயில் வருவதாக இருந்தால், வெளிநாடுவாழ் இந்தியர் உள்நாட்டு வரவுகளுக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு எண்ணைக் கொடுங்கள். உள்ளூர் ரூபாய் வரவை, வெளிநாட்டுப் பணத்துக்கான என்.ஆர்.இ. கணக்கு ஏற்காது. அனுப்பிய பணம் திரும்பிப் போய்விட்டால், நிறுவனம் அதைத் தானாக மறுபடி அனுப்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோப்பை மூடிவிட்டிருப்பார்கள்.