சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர்: மல்டிமீட்டரா, ஸ்கேனரா?

ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. சந்தேகம், மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் மேல். அதன் மின்தடையை எதில் பார்ப்பது?

செலவு: மல்டிமீட்டர் சில நூறு ரூபாய். ஏர்பேக் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் பல ஆயிரம்.

பாதுகாப்பு: கவனம் வேண்டியது இங்கேதான். ப்ரீடென்ஷனருக்குள் வெடிமருந்து இருக்கிறது. அதைப் பற்றவைக்கும் கம்பியின் தடை சுமார் 2 ஓம். ஓம் அளக்கும்போது மல்டிமீட்டர் தானே மின்னோட்டம் அனுப்பும், அது வெடிக்க வைத்துவிடலாம். தயவுசெய்து முனைகளை அதில் வைக்காதீர்கள். ஸ்கேனரோ, வண்டியின் கண்ட்ரோல் யூனிட் மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளந்து வைத்ததைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, கோளாறு வயரிலா, ப்ரீடென்ஷனரிலா? பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ப்ரீடென்ஷனருக்குப் பதில் 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, பேட்டரியை மீண்டும் இணைத்து ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்: பிழை போனால் ப்ரீடென்ஷனர், போகாவிட்டால் வயர் பக்கம்.

தனி கனெக்டர் உள்ள பக்கிள் சுவிட்ச் (பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று உணர்வது), இரு முனையும் கழற்றிய வயர்: மல்டிமீட்டர் போதும். ப்ரீடென்ஷனருக்கு ஸ்கேனர் மட்டுமே.